பெரிய வளையம்

எங்கள் தெருவில் ஒருவர் தன் மகளுக்கு உலோகம் தேடும் கருவி வாங்க ஆசைப்பட்டு, நான் பழைய ரேடியோக்காரன் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வந்தார். கையில் நாலைந்து படங்கள். எது குழந்தைக் கைக்கு அடங்கும், எது உழைக்கும், எது ஆழம் போகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார்.

"சின்ன வளையம் போட்டதா வாங்குங்க" என்றேன்.

"பெரிய வளையம்னா இன்னும் ஆழத்துல கிடக்கறதையும் காட்டுமாமே?"

"ஆழத்துல கிடக்கறதைக் கண்டு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

மனிதர் படங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நல்ல மனிதர். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் மனைவி, "அந்த வளையத்துப் பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சாமி வந்துடுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அந்த மனிதரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

தேடுகிற கிறுக்கு எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. அறுபதுகளில் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு காந்தம் இருந்தது. மழை பெய்து மண் கழுவிக்கொண்டு போனதும், மாட்டுக்கு லாடம் கட்டும் புளியமரத்தடியில் கயிற்றில் கட்டிய காந்தங்களை இழுத்துக்கொண்டு திரிவோம். லாட ஆணி, உடைந்த லாடத் துண்டு, சைக்கிள் நட்டு, கரகரவென்று கருமணல், எல்லாம் வந்து ஒட்டும். பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிட்டுப் பொரி உருண்டை வாங்கித் தின்போம்.

காந்தத்தில் மூன்று சாதி உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த பட்டைக் காந்தம். பார்வைக்கு அழகு, ஒரு லாடத்தைத் தூக்க வக்கிருக்காது. சைக்கிள் டைனமோவுக்குள்ளிருந்து எடுத்த உருளைக் காந்தம், அது பரவாயில்லை. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம்தான் ராஜா. என்னிடம் அந்த ராஜா இருந்தது. அதற்காக என் பம்பரம் எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். ஆனால் அதன் கனத்துக்கு எந்தக் கயிறும் தாங்காது. அறுந்து அறுந்து சாக்கடையில் விழும். டைனமோக் காந்தக்காரன் அதற்குள் நாலு சுற்றுச் சுற்றி டப்பாவை நிரப்பியிருப்பான். அப்போதே எனக்குப் பெரியதுதான் வேண்டும். இந்தப் புத்தி பிறவிப் புத்தி போலிருக்கிறது.

ஒருமுறை அம்மாவின் மூக்குத்தி கொல்லையில் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது கொல்லை இல்லை. கேழ்வரகும் கடலையும் விளைகிற மானாவாரிக் காட்டைத்தான் கொல்லை என்போம். ஒரு நாள் முழுக்கக் காந்தத்தை இழுத்துக்கொண்டு அலைந்தேன். அரை டப்பா ஆணி கிடைத்தது. சாயங்காலம் சித்தப்பாவின் மனைவி, என் சின்னம்மா, கடலை பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"தங்கம் காந்தத்துக்கு வராது சாமி. அது ரோசக்கார சாமான்."

சொல்லிவிட்டுத் தன் வேலையை விட்டு என்னோடு கூடவே குந்தி, மண்ணை முறத்தில் அள்ளி அள்ளிப் புடைத்தாள். மூக்குத்தி கிடைத்தது அவள் முறத்தில்தான். அவள் விரல் அப்படி. மண்ணைத் தொட்டாலே எது கல், எது கடலை, எது வேறு என்று தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ சித்தப்பா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சின்னம்மா தனியாகத் தன் பங்குக் கொல்லையை உழுது விதைத்தாள். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டது வாய்ப்பேச்சில்தான். சர்க்கார் கணக்கில் இரண்டுக்கும் ஒரே சர்வே எண். நடுவில் மூன்று எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கிணறு பொது. கிணற்றிலிருந்து போகிற வாய்க்கால் கல்லுக்கு அந்தப் பக்கம், சின்னம்மாவின் ஓரத்தில் ஓடியது. அந்த வாய்க்கால் இருந்ததால்தான் அவளுடைய கொல்லையில் மிளகாயும் தக்காளியும் விளைந்தன; கடத்தூர்ச் சந்தைக்குக் கூடை கூடையாக எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு விதைப்புப் பட்டத்தில் பார்த்தால் வாய்க்கால் கல்லுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம் இருந்தது. கல் நகர்ந்துவிட்டது என்றாள் சின்னம்மா. கல் எங்கே நகரும், அது என்ன ஆட்டுக்குட்டியா என்றார் அப்பா. ஊர் கூடியது.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல் நடும்போது குழிக்குள் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கொட்டி, அதன்மேல் ஏர்நுனியில் மாட்டித் தேய்ந்துபோன இரும்புக் கொழு ஒன்றைப் போட்டு, அதற்கு மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கல்லை யாராவது பிடுங்கினாலும் அடியில் கிடப்பது சாட்சி சொல்லும். தகராறு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால், இரண்டு தரப்பும் நிற்க, அதைத் தோண்டிப் பார்ப்பார்கள். தனியாக ஒருவன் தோண்டக் கூடாது. தோண்டினால் அது சாட்சி இல்லை, வெறும் இரும்பு. அப்படித்தான் நடுக்கல்லுக்கு அடியில் தோண்டினார்கள். கரி இருந்தது. கொழுவும் இருந்தது. அப்பா எங்கள் மாதா கோயிலுக்குள் போய்ப் பீடத்துச் சிலுவையில் கைவைத்து, கல் நட்ட இடத்தில்தான் நிற்கிறது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

சின்னம்மா அந்தக் கொழுவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவுரு போட்டது இல்லீங்க. அவுரு போட்ட கொழு ஒரு பக்கம் வெடிச்சிருக்கும். எங்கண்ணால பாத்தேன்."

"பொம்பளைக்குக் கொழுவப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் ஒரு பெரியவர். அதோடு முடிந்தது. அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள்தான். வாய்க்கால் எங்களுடையதாகிவிட்டதால் அப்பா திறந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. போகப் போக இல்லை என்றே ஆகிவிட்டது. மிளகாய் போய்க் கொள்ளு வந்தது; மழை பொய்த்தால் அதுவும் இல்லை. சின்னம்மா அடுத்தவர் கொல்லைக்குக் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனாள். ஊரில் அவளுக்கு 'கல்லு நகந்தா' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். நானும் ஒன்றிரண்டு முறை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் சிரித்தேன், அப்பா சத்தியம் செய்ததை என் கண்ணால் பார்த்தவன் நான்.

எழுபதுகளில் நான் அரூரில் ஒரு ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். முதலாளியை எல்லோரையும் போல நானும் பாய் என்றே கூப்பிடுவேன். பொறுமைசாலி. நான் அப்படி இல்லை. காலில் சக்கரம் கட்டியவன் என்று அம்மா சொல்வாள். சேலம் பஸ் போனால் சேலம் போக வேண்டும், திருவண்ணாமலை பஸ் போனால் அங்கே போக வேண்டும் என்றிருக்கும். பெங்களூரில் சொந்தமாகக் கடை வைப்பது என் கனவு. அதற்கு வழி என் சம்பளத்தில் இல்லை. அதனால் புதையல் எடுப்பது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் கொல்லை வழியாக ஒரு காலத்தில் குதிரைப் படை போனதாகவும், உழும்போது பழைய செப்புக்காசு கிடைத்ததாகவும் பேச்சு இருந்தது. காசு சிந்தின இடத்தில் பானை இருக்காதா?

பாய் கடையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கிடந்தது. அதில் உலோகம் தேடும் கருவிக்குப் படம் போட்டிருந்தார்கள். கம்பிச் சுருளோடு ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தால் அது ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி ஓயாமல் அலை வீசும். பக்கத்தில் ஒரு கை ரேடியோவைக் கட்டி, முள்ளை ஏதாவது ஒரு நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தினால் 'உய்ங்' என்று ஒரு விசில் கேட்கும். சுருளுக்கு அடியில் உலோகம் வந்தால் அந்த விசிலின் சுருதி மாறும். இரும்போ தங்கமோ, காந்தத்தைப் போலப் பாகுபாடு கிடையாது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுருளை எந்த அகலத்தில் கட்டுவது என்பதுதான் கேள்வி. பத்திரிகையில் இரண்டு அளவு கொடுத்திருந்தார்கள். கன்னியர் மடத்தில் தையல் படித்த என் தங்கையிடம் பூவேலை போடுகிற மரவளையம் ஒன்று இருந்தது; சின்ன அளவுக்குக் கச்சிதம். பெரிய அளவுக்கு அம்மாவின் மூங்கில் தட்டுக்கூடைதான் சரி. இரண்டையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "காசு தேடுறியா தம்பி, அண்டா தேடுறியா?"

"அண்டாதான் பாய்."

"மோதரம், காசு, தோடு, இதெல்லாம்னா சின்ன வளையம். மேலாக் கெடக்கறது கிடைக்கும், பொழுது போவும், ஆளும் சந்தோசமா இருப்பான். பெருசு கட்டினா காசு மேலயே நின்னாலும் காது கேக்காது. முழங்கை ஆழத்துல எவன் பொதைச்சதோ அதுதான் கேக்கும். உனக்கு எதுக்கு அது? சின்னதாக் கட்டு."

நான் தட்டுக்கூடையைக் கட்டினேன்.

அதற்கப்புறம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கைப்பிடிக்கு முதலில் தண்ணீர்க்குழாய் இரும்பைப் போட்டேன். கருவி அந்தக் குழாயையே புதையல் என்று நினைத்துச் சதா கத்தியது. மூங்கில் கழி போட்டேன். என் செருப்பில் இருந்த ஆணிக்குக் கத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளில் நடந்தேன். இடுப்புவாரின் வளையத்துக்குக் கத்தியது. அரைஞாண் கயிற்றில் வேட்டியை இறுக்கிக்கொண்டேன். வெயில் ஏறினால் தானாகவே சுருதி நழுவும். நாலு தப்படி நடப்பதும், நின்று முள்ளைத் திருகுவதும், மறுபடி நாலு தப்படி நடப்பதுமாக, பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரிந்திருப்பேன். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒற்றைக் காதில் செருகுகிற இயர்போன் மாட்டிக்கொண்டேன்.

ஆள் இல்லாத நேரமும் வாய்த்தது. பாய் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தவக்காலம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போய்விடும். அப்பா முன்வரிசையில் நிற்பார். முதல் வெள்ளி இரண்டு லாடமும் ஒரு மண்வெட்டிப் பூணும் கிடைத்தன. இரண்டாம் வெள்ளி ஒன்றுமில்லை. மூன்றாம் வெள்ளி, கடலை பிடுங்கிக் காலியாகக் கிடந்த எங்கள் கொல்லையில், வாய்க்காலைத் தாண்டி நாலைந்து தப்படி இந்தப் பக்கம் வந்தபோது, விசில் சரசரவென்று கீழே இறங்கியது.

வளையத்தை நகர்த்தினேன், விசில் மேலே போனது. திரும்பக் கொண்டுவந்தேன், இறங்கியது. பானைதான். கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கடப்பாரையைப் போட்டேன். முழங்கை ஆழம் போனதும் மண் கறுத்தது. கையை விட்டு அள்ளினேன். கரி. அதற்குள் துருவேறிய ஒரு கொழு.

லாடம் என்று நினைத்துத் தூக்கிப் போடத்தான் போனேன். ஒரு பக்கம் வெடித்திருந்தது.

அப்படியே குந்திவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அந்தப் பூதம் என் கையில் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடுக்கல் தெரிந்தது. எழுந்து அங்கிருந்து நான் தோண்டிய குழிவரை நடந்தேன். ஆறு தப்படி. பிறகு கிணற்றோரத்துக் கல்லிலிருந்து அதே ஆறு தப்படி உள்ளே வந்து வளையத்தை வைத்தேன். விசில் இறங்கியது. மேற்குக் கோடிக் கல்லிலிருந்து ஆறு தப்படி. அங்கேயும் இறங்கியது. மூன்று கல், மூன்று கொழு. அப்பா கல்லை நகர்த்தி அடியில் வேறு கரியும் கொழுவும் போட்டிருக்கிறார், பழையதைத் தோண்டி எடுக்காமலே விட்டிருக்கிறார். அந்த இரண்டையும் நான் தோண்டவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வேலை செய்தது. சின்னம்மா இத்தனை வருடம் சொன்னது அத்தனையும் நிஜம். அதை நிரூபிக்க அந்த இரண்டும் மண்ணுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

நேராகச் சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் போனது எங்கள் வீட்டுக்கு. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி நான் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பா கோயிலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கொழுவைப் போட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "எங்க கெடச்சது?"

"நடுக்கல்லுக்கு இந்தப் பக்கம். ஆறு தப்படி. கரியோட."

"கொல்லையில கொழு கெடக்காம வூட்லயா கெடக்கும்?"

"ஒண்ணு இல்லப்பா. இன்னும் ரெண்டு இருக்குது. அதையும் காதால கேட்டுட்டன். எடுக்கல, அப்படியே வுட்டிருக்கறன். ஞாயித்துக்கிழம பெரியவங்களக் கூட்டிட்டு வருவன்."

இந்தக் கடைசிப் பேச்சை ஏன் பேசினேன்? மிரட்டத்தான். அவர் முகத்தில் பயம் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு என்னைவிட வேறு ஆள் தேட வேண்டாம். அப்பா காலைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்க் களி தின்றார். அன்றிலிருந்து சாகும்வரை மொத்தமாக ஒரு பத்து வார்த்தை என்னோடு பேசியிருப்பார்.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவருடைய ரேடியோவில் கம்பியை மாற்றிப் பற்றவைத்துப் புகை வரவழைத்தேன். "ஆணி மேல நிக்கற மாதிரி நிக்கறியே, என்னா தம்பி?" என்று பாய் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்தம்மா கிட்டச் சொன்னியா?"

"நாளைக்குத்தான் பாய். பூசை முடிஞ்சு எல்லாரும் இருப்பாங்க."

"உங்கப்பா கிட்ட நேத்தே சொல்லிட்ட. அந்தம்மாவுக்கு நாளைக்கா?" என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போகச் சொன்னார். அந்த பஸ் போய்விட்டிருந்தது. அதற்கடுத்தது வழியில் நின்றுபோனது. நான் ஊருக்குள் நுழைந்தபோது எங்கள் ஏர்மாடுகள் கட்டுத்தறியில் நின்றன. ஏர்க்கொழுவில் ஈரமண் ஒட்டியிருந்தது. மழை இல்லாத பங்குனியில், விதைப்புக்கு இரண்டு மாதம் இருக்கையில், அப்பா ஏர் ஓட்டியிருக்கிறார். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை; சின்னம்மா வீடு பூட்டிக் கிடந்ததால் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வாய்க்கால் ஓரத்தில் புதிய மண் தெரியாமலிருக்கத்தான் உழுதார் என்று மறுநாள்தான் புரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சின்னம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் வெடிச்சிருந்துதா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரையும் கூப்பிட்டேன். வேடிக்கை பார்க்கிற கூட்டம் கூப்பிடாமலே வந்தது. அப்பா எங்களுக்கு முன்னால் போய்க் கிணற்றடியில் மண்வெட்டியோடு நின்றார். கரண்ட் இருந்ததால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் எங்கள் பக்கம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

வாய்க்கால் ஓரம் உழுதிருந்தது. இயர்போனைப் பிடுங்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கிணற்றோரக் கல்லிலிருந்து ஆறு தப்படி. வளையத்தை வைத்தேன். விசில் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. இப்படி அப்படி நகர்த்தினேன். முள்ளைத் திருகினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மேற்குக் கோடிக்கு ஓடினேன். அங்கேயும் அதே விசில்தான். கூட்டத்தில் யாரோ, "கருவிக்குப் பசிக்குதோ என்னவோ" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

வெடித்த கொழுவை எடுத்து நீட்டினேன். பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க எடுத்த, யாரு முன்னால எடுத்த?" என்றார். யார் முன்னாலும் எடுக்கவில்லை. என் பேராசையில் ஒரு சாட்சியை நானே தோண்டினேன்; என் வாய்க்கொழுப்பில் மற்ற இரண்டையும் அப்பா தோண்டும்படி செய்தேன். சின்னம்மாவை ஊர் முன்னால் இரண்டாம் முறை பைத்தியக்காரி ஆக்கியது நான்தான். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

சின்னம்மா என்னையும் பார்க்கவில்லை, கருவியையும் பார்க்கவில்லை.

"எந்த எடத்துல சத்தம் வந்துது? காலால கோடு போடு."

போட்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே குந்தினாள். தோண்டி மூடிய மண் பொலபொலவென்று இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, விரல் இடுக்கில் விட்டு விட்டுப் பார்த்தாள். கை முழங்கைவரை மண்ணுக்குள் போனது. பிறகு ஒரு கையை வெளியே எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் கறுப்பாக, சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு துண்டு. இன்னொரு கை அள்ளினாள். நாலைந்து துண்டு. மண்ணே கறுத்து வந்தது.

"கரிங்க" என்று பெரியவர் கையில் வைத்தாள்.

எழுந்து மேற்குக் கோடிக்குப் போனாள். அங்கேயும் கோடு போடச் சொன்னாள். அங்கேயும் கரி. நான் தோண்டிய நடுக்குழியில் உபதேசியாரே குனிந்து எடுத்துப் பார்த்தார். ஒரே கோட்டில் மூன்று இடம். அப்பாவுக்கு என் கருவியிடம்தான் பயம் இருந்திருக்கிறது. அதற்கு எது கேட்குமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கரி அதற்குக் கேட்காது; மூன்று வெள்ளிக்கிழமை அலைந்த எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

பெரியவர்கள் இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். உபதேசியார் பார்க்கவில்லை, அவர் முன்னால்தானே சிலுவையில் கைவைத்தது. அப்பா வாய்க்கால் கரையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தாநாள் பார்க்க ஆசைப்பட்ட பயம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சின்னம்மா எழுந்து அவருக்கு எதிரில் போய் நின்றாள். இரண்டு கையும் முழங்கைவரை கறுத்திருந்தன. அத்தனை வருடம் பேசாதவள், கைகளை அவர் முன்னால் நீட்டினாள்.

"மாமா, கை கரியாயிடுச்சுங்க. கழுவத் தண்ணி வேணும். மடையத் தொறந்து வுடுங்க."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து மண்வெட்டியால் மடையை வெட்டினார். தண்ணீர் திரும்பி அவள் கொல்லைப் பக்கம் போனது. அவள் கரையில் குந்தி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாகக் கழுவினாள்.